பின்னத்தைத் தள்ளிப்போடுங்கள்: அணியாலும் நிரை உருமாற்றத்தாலும் நேரியல் சமன்பாடுகளைத் தீர்க்க ஒரு முழு வழிகாட்டி

மூன்று தெரியாத எண்கள், மூன்று சமன்பாடுகள். பத்தாம் வகுப்பில் படித்த நீக்கல் முறையே இதற்குப் போதும். ஒன்றை மற்றொன்றிலிருந்து கழித்து, ஒரு மாறியை ஒழித்து, மீதியைக் கண்டுபிடித்துவிடலாம். பிறகு பன்னிரண்டாம் வகுப்பில் அதே வேலைக்கு அணி எதற்கு வருகிறது? கணக்கில் உண்மையில் வேலை செய்பவை கெழுக்கள், அதாவது மாறிகளுக்கு முன்னால் நிற்கும் எண்கள் மட்டுமே. மாறிகளின் எழுத்துகள் வெறுமனே உடன் வருகின்றன. அவற்றைக் கழற்றிவிட்டு எண்களை அதனதன் இடத்தில் அடுக்கினால் எழுதுவது குறையும், அடுத்து என்ன செய்வது என்பதும் கண்ணுக்குத் தெரியும்.

விடைத்தாளில் மதிப்பெண் போவது பெரும்பாலும் கருத்து புரியாததால் அல்ல. கழித்தல் குறியிலும் அவசரப்பட்டு வரவழைத்துக்கொண்ட பின்னத்திலும்தான் போகிறது. அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே பிடிவாதத்தோடு நகரும்: பின்னத்தை எவ்வளவு தூரம் தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளிப்போடுவது.

எடுத்துக்காட்டாக, இந்த முறை பிறந்த இடத்துக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். சீனாவில் ஹான் பேரரசுக் காலத்தில் உருவான 'கணிதக் கலையின் ஒன்பது அத்தியாயங்கள்' என்ற நூலின் எட்டாம் அத்தியாயம் முழுவதும் இத்தகைய கணக்குகள்தான். அதன் முதல் கணக்கு இது. மேல்தரக் கதிர்க்கட்டு 3, நடுத்தரம் 2, கீழ்த்தரம் 1 சேர்ந்தால் 39 டௌ தானியம் கிடைக்கும். மேல்தரம் 2, நடுத்தரம் 3, கீழ்த்தரம் 1 என்றால் 34 டௌ. மேல்தரம் 1, நடுத்தரம் 2, கீழ்த்தரம் 3 என்றால் 26 டௌ. ஒவ்வொரு தரத்திலும் ஒரு கட்டு எவ்வளவு தரும்? (டௌ என்பது அக்காலத் தானிய அளவை.)

சமன்பாட்டிலிருந்து அணிக்கு

ஒரு கட்டின் விளைச்சலை மே, ந, கீ என்று குறிப்போம்.

3 மே + 2 ந + 1 கீ = 39
2 மே + 3 ந + 1 கீ = 34
1 மே + 2 ந + 3 கீ = 26

எழுத்துகளை நீக்கிவிட்டு, சமக்குறி இருந்த இடத்தில் ஒரு கோடு போட்டால் விரிவுபடுத்தப்பட்ட அணி வந்துவிடும்:

3   2   1 | 39
2   3   1 | 34
1   2   3 | 26

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். எல்லாச் சமன்பாடுகளிலும் மாறிகள் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். கேள்வித்தாளில் ஒரு சமன்பாட்டை மட்டும் முறைமாற்றிக் கொடுத்திருப்பார்கள். அதை முதலில் சரிசெய்துகொள்ளுங்கள். ஏதாவது ஒரு மாறி ஒரு சமன்பாட்டில் இல்லையென்றால் அந்த இடத்தில் 0 எழுத வேண்டும். இடத்தைக் காலியாக விட்டால் பக்கத்து எண் நகர்ந்து வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அனுமதிக்கப்பட்ட மூன்று செயல்கள்

நிரைகளை, அதாவது இடமிருந்து வலமாக ஓடும் வரிசைகளை, நி1, நி2, நி3 என்று அழைப்போம். அவற்றின் மீது செய்யத்தக்கவை மூன்றே:

1. இரண்டு நிரைகளை இடம் மாற்றலாம்.
2. ஒரு நிரை முழுவதையும் பூச்சியமல்லாத எண்ணால் பெருக்கலாம் அல்லது வகுக்கலாம்.
3. ஒரு நிரையோடு மற்றொரு நிரையின் மடங்கைக் கூட்டலாம் அல்லது கழிக்கலாம்.

ஏன் இவை மட்டும்? இவற்றில் எதைச் செய்தாலும் அதைத் திரும்ப எடுத்துவிட முடியும். இடம் மாற்றியதை மறுபடி மாற்றலாம், 5 ஆல் பெருக்கியதை 5 ஆல் வகுக்கலாம், கூட்டியதைக் கழிக்கலாம். திரும்பிப் போக வழி இருப்பதால் பழைய தொகுப்பின் தீர்வும் புதிய தொகுப்பின் தீர்வும் ஒன்றேதான். பூச்சியத்தால் பெருக்கினால் அந்தச் சமன்பாடு சொன்ன செய்தி அழிந்துபோகிறது, திரும்ப வராது. அதனால்தான் அதற்கு அனுமதி இல்லை.

மேலிருந்து கீழாக நிற்கும் நிரல்களின் மீது இதே வேலையைச் செய்யக் கூடாது. ஒரு நிரலை இன்னொன்றோடு கூட்டினால் மே என்பதும் ந என்பதும் கலந்து, கடைசியில் கிடைக்கும் எண் எதன் மதிப்பு என்றே தெரியாமல் போகும். அணிக்கோவை (சதுர அணியிலிருந்து கணக்கிடும் ஒற்றை எண்) மதிப்புக் காணும்போது நிரலிலும் கைவைக்கலாம் என்பதால் பலர் பழக்கதோஷத்தில் இங்கும் செய்துவிடுகிறார்கள்.

இன்னொரு பொறி உண்டு. ஒரே படியில் நி2 → நி2 − நி3 என்றும் நி3 → நி3 − நி2 என்றும் இரண்டையும் பழைய நிரைகளை வைத்துச் செய்தால், கிடைக்கும் இரு நிரைகளும் ஒன்றுக்கொன்று எதிர்க்குறி கொண்டவையாக இருக்கும். அடுத்த படியில் அவற்றைக் கூட்டினால் ஒரு பூச்சிய நிரை வந்து நிற்கும். உண்மையில் ஒரே தீர்வு உள்ள கணக்கு, எண்ணற்ற தீர்வுகள் உடையது போல வேடம் போடும். ஒரு படியில் பல செயல்கள் செய்யலாம். ஆனால் கருவியாகப் பயன்படும் நிரை அந்தப் படியில் மாறாமல் இருக்க வேண்டும்.

படிப்படியாகத் தீர்ப்போம்

நோக்கம், அணியை ஏறுபடி வடிவத்துக்குக் கொண்டுவருவது. ஒவ்வொரு நிரையிலும் இடப்பக்கத்திலிருந்து முதலில் வரும் பூச்சியமல்லாத எண்ணை முன்னணி உறுப்பு என்போம். கீழே போகப் போக முன்னணி உறுப்பு வலப்பக்கம் நகர வேண்டும், அதற்குக் கீழே எல்லாம் பூச்சியமாக வேண்டும்.

முதல் நிரை 3 இல் தொடங்குகிறது. பலரும் உடனே 3 ஆல் வகுத்து 1 ஆக்குவார்கள். அந்த நொடியில் 2/3, 1/3 என்று பின்னங்கள் உள்ளே வந்துவிடும், கடைசி வரை போகாது. மூன்றாம் நிரையோ 1 இல் தொடங்குகிறது. அதை மேலே கொண்டுவந்தாலே போதும்.

நி1 ↔ நி3:

1   2   3 | 26
2   3   1 | 34
3   2   1 | 39

தொடங்குவதற்கு முன் வலது ஓரத்தில் இன்னொரு நிரலும் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிரையின் எல்லா எண்களின் கூட்டுத்தொகை அது: 32, 40, 45. நிரைக்கு என்ன செய்கிறோமோ அதையே இந்த எண்ணுக்கும் செய்வோம். ஒவ்வொரு படி முடிந்ததும் நிரையைக் கூட்டிப் பார்த்தால் இந்த எண் வர வேண்டும். கணினிக்கு முந்தைய நாட்களில் பெரிய கணக்குகளைக் கையால் போட்டவர்கள் நம்பியிருந்த உத்தி இது. பாடநூல்கள் இதைச் சொல்லிக்கொடுக்காதது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

நி2 → நி2 − 2 × நி1 மற்றும் நி3 → நி3 − 3 × நி1:

1    2    3 | 26  ‖ 32
0   −1   −5 | −18 ‖ −24
0   −4   −8 | −39 ‖ −51

இரண்டாம் நிரை: 0 − 1 − 5 − 18 = −24. ஓரத்தில் 40 − 64 = −24. பொருந்துகிறது. மூன்றாம் நிரை: −4 − 8 − 39 = −51. ஓரத்தில் 45 − 96 = −51. நம்பி மேலே போகலாம்.

அடுத்து நி2 ஐ −1 ஆல் பெருக்கிக் குறிகளை மாற்றுகிறோம். கழித்தல் குறிகள் நிறைந்த நிரையைக் கருவியாக வைத்துக்கொள்வது தவறில்லை, ஆனால் வீண் தொல்லை. பிறகு நி3 → நி3 + 4 × நி2:

1   2   3 | 26 ‖ 32
0   1   5 | 18 ‖ 24
0   0  12 | 33 ‖ 45

12 + 33 = 45; ஓரத்தில் −51 + 96 = 45. ஏறுபடி வடிவம் கிடைத்துவிட்டது.

இனிக் கீழிருந்து மேலாகப் பிரதியிட வேண்டும். கடைசி நிரை 12 கீ = 33 என்கிறது, ஆகவே கீ = 11/4. இரண்டாம் நிரை ந + 5 கீ = 18; ந = 18 − 55/4 = 17/4. முதல் நிரை மே + 2 ந + 3 கீ = 26; மே = 26 − 34/4 − 33/4 = 37/4. பின்னம் வந்தே தீர வேண்டிய கணக்கு இது. ஆனாலும் அணியின் வேலை முடியும் வரை ஒரு பின்னம்கூட உள்ளே வரவில்லை.

விடையைச் சரிபார்க்கும்போது மூலச் சமன்பாடுகளில்தான் பிரதியிட வேண்டும், நடுவில் வந்தவற்றில் அல்ல. 3 × 37 + 2 × 17 + 11 = 156; 4 ஆல் வகுத்தால் 39. மற்ற இரண்டும் 136/4 = 34, 104/4 = 26.

சீனர்கள் செய்த விதம்

மூல நூலில் இதே கணக்கு சிறு கணக்கிடு குச்சிகளால் பலகை மீது போடப்பட்டது. ஒவ்வொரு சமன்பாடும் மேலிருந்து கீழாக ஒரு பத்தியாக நின்றது. முதல் சமன்பாடு வலது ஓரத்தில். நம் நிரை அவர்களுக்குப் பத்தி, அவ்வளவுதான். அவர்கள் 3 இல் தொடங்கும் சமன்பாட்டை இடம் மாற்றவில்லை. மாறாக, இரண்டாவதை 3 ஆல் பெருக்கி அதிலிருந்து முதலாவதை இரண்டு முறை கழித்தார்கள்:

6  9  3  102 − 6  4  2  78 = 0  5  1  24

மூன்றாவதை 3 ஆல் பெருக்கி முதலாவதைக் கழிக்க 0, 4, 8, 39 வரும். அதை 5 ஆல் பெருக்கி, 0, 5, 1, 24 இன் நான்கு மடங்கைக் கழிக்க 0, 0, 36, 99 வரும். இரண்டையும் 9 ஆல் வகுத்தால் 4, 11. அதே 11/4.

1 இல் தொடங்கும் நிரை கையில் இல்லாதபோது நாமும் இதையே செய்ய வேண்டும். நி2 → 3 × நி2 − 2 × நி1 என்று குறுக்கே பெருக்கிக் கழிப்பது முற்றிலும் முறையானது. இரண்டாம், மூன்றாம் செயல்களின் சேர்க்கைதான் அது. எண்கள் பெருத்துக்கொண்டே போகும் என்பது ஒன்றே குறை. நிரையில் பொதுக் காரணி தென்பட்டால் உடனே வகுத்துச் சுருக்கிவிடுங்கள்.

இப்படிக் கழிக்கும்போது குறை எண்கள் வராமல் இருக்காது. அதே அத்தியாயத்தில்தான் குறை எண்களைக் கூட்டவும் கழிக்கவும் விதிகள் தரப்பட்டிருக்கின்றன. மிகை எண்ணுக்குச் சிவப்புக் குச்சி, குறை எண்ணுக்குக் கறுப்புக் குச்சி என்று லியூ ஹுய் தமது உரையில் எழுதினார்; அந்த உரையின் காலம் பொ.ஆ. 263. ஜெர்மானியக் கணிதமேதை காஸ் பல்லாஸ் என்ற சிறுகோளின் பாதையைக் கணக்கிட்டு 1810 இல் வெளியிட்ட ஆய்வில் நீக்கலை ஒழுங்குபடுத்திக் கையாண்டார். முறைக்கு அவர் பெயர் நிலைத்துவிட்டது.

காஸ்–ஜோர்டான்: மேலேயும் பூச்சியம்

பிரதியிடலே வேண்டாம் என்றால் முன்னணி உறுப்புக்கு மேலேயும் பூச்சியமாக்கலாம். ஏறுபடி வடிவத்தின் கடைசி நிரையை 3 ஆல் சுருக்கினால் 0  0  4 | 11. அதன் பிறகு:

நி2 → 4 × நி2 − 5 × நி3 செய்தால் 0  4  0 | 17
நி1 → 4 × நி1 − 3 × நி3 செய்தால் 4  8  0 | 71
நி1 → நி1 − 2 × நி2 செய்தால் 4  0  0 | 37

ஒவ்வொரு நிரையையும் 4 ஆல் வகுத்தால் இடப்பக்கம் அலகு அணி (மூலைவிட்டத்தில் 1, மற்ற இடங்களில் 0), வலப்பக்கம் 37/4, 17/4, 11/4. பின்னம் கடைசி வரியில்தான் தலைகாட்டுகிறது. இந்த ஜோர்டான், நில அளவையியல் அறிஞர் வில்ஹெல்ம் ஜோர்டான். புகழ்பெற்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் கமீல் ஜோர்டான் அல்லர். ஒரு தொகுப்பை மட்டும் தீர்க்க இந்த நீண்ட வழி தேவையில்லை. பின்னோக்கிப் பிரதியிடல் குறைவான வேலை. நேர்மாறு அணி காணும்போதுதான் இது தன் மதிப்பைக் காட்டும்.

கடைசி நிரை சொல்வதைக் கேளுங்கள்

எல்லாக் கணக்கும் ஒரே விடையோடு முடியாது. மூன்றாவது தகவலை மட்டும் மாற்றுவோம். "மேல்தரக் கட்டு ஒன்று நடுத்தரக் கட்டைவிட 5 டௌ கூடுதலாகத் தருகிறது" என்று ஒருவர் சொல்கிறார். அதாவது மே − ந = 5.

1  −1   0 | 5
2   3   1 | 34
3   2   1 | 39

நி2 → நி2 − 2 × நி1, நி3 → நி3 − 3 × நி1 செய்தால் இரண்டும் 0  5  1 | 24 ஆகின்றன. கழித்தால் கடைசி நிரை 0  0  0 | 0. மூன்றாவது தகவல் புதிதாக எதுவும் சொல்லவில்லை. முதல் சமன்பாட்டிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் தானாகக் கிடைப்பதுதான் அது. ந ஐத் துணையலகாக, அதாவது நம் விருப்பப்படி மதிப்புக் கொடுக்கக்கூடியதாக எடுத்து ந = த என்று வைத்தால் கீ = 24 − 5த, மே = 5 + த. எண்ணற்ற தீர்வுகள். ஆனால் தானியம் குறை எண்ணாக இருக்க முடியாது என்பதால் த இன் மதிப்பு 0 முதல் 24/5 வரைதான். த = 17/4 என்று போட்டால் நம் பழைய விடை அப்படியே வரும்.

அவர் 5 என்பதற்குப் பதிலாக 6 என்று சொல்லியிருந்தால்? நி2 ஆனது 0  5  1 | 22, நி3 ஆனது 0  5  1 | 21. கழித்தால் 0  0  0 | −1. பூச்சியம் −1 க்குச் சமம் என்கிறது அந்த நிரை. தொகுப்பு ஒருங்கமைவற்றது, தீர்வே கிடையாது. கோட்டுக்கு இடப்பக்கம் முழுதும் பூச்சியமாகி வலப்பக்கம் மட்டும் ஓர் எண் மிஞ்சினால், அங்கேயே நிறுத்திவிடலாம்.

ஏறுபடி வடிவத்தில் எஞ்சியிருக்கும் பூச்சியமல்லாத நிரைகளின் எண்ணிக்கையே அணியின் தரம். கெழு அணியின் தரமும் விரிவுபடுத்தப்பட்ட அணியின் தரமும் வேறுபட்டால் தீர்வு இல்லை. இரண்டும் சமமாகி, மாறிகளின் எண்ணிக்கையோடும் ஒத்தால் ஒரே தீர்வு. மாறிகளைவிடக் குறைந்தால் எண்ணற்ற தீர்வுகள். எத்தனை குறைகிறதோ அத்தனை துணையலகுகள். ரூஷே–கபெல்லி தேற்றம் என்று மனப்பாடம் செய்வது இதைத்தான்.

தேர்வில் விரும்பிக் கேட்கப்படும் 'எம்மதிப்புகளுக்கு' வகைக் கணக்கும் இதுவே. மூன்றாம் சமன்பாடு மே − ந + த கீ = ப என்று இருக்கட்டும். (இங்கே த, ப இரண்டும் மாறிலிகள்.) தெரியாத மாறிலிகள் உள்ள நிரையைக் கடைசியில் வையுங்கள், அதைக் கருவியாகப் பயன்படுத்தாதீர்கள். அப்படியானால் மேலே இருப்பவை 2  3  1 | 34, 3  2  1 | 39. முன்னணியில் 1 இல்லையே என்று வகுக்க வேண்டாம். நி2 → நி2 − நி1 செய்தால் 1  −1  0 | 5 கிடைக்கிறது. அதை மேலே மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு வழக்கம்போலச் செய்தால்:

1  −1   0 | 5
0   5   1 | 24
0   0   த | ப − 5

த ≠ 0 என்றால் ஒரே தீர்வு. த = 0, ப = 5 என்றால் எண்ணற்ற தீர்வுகள். த = 0, ப ≠ 5 என்றால் தீர்வு இல்லை. த ஆல் வகுக்கும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். அது பூச்சியமாகவும் இருக்கலாம் என்பதுதான் கேள்வியின் சாரமே.

கிராமர் விதி இருக்கும்போது இது எதற்கு?

ஒவ்வொரு மாறியையும் இரண்டு அணிக்கோவைகளின் விகிதமாகக் காண்பது கிராமர் விதி. மூன்று மாறிகள் வரை அது அழகாகத்தான் இருக்கும், நான்கு அணிக்கோவைகள் போதும். ஆனால் கெழு அணியின் அணிக்கோவை பூச்சியமாகிவிட்டால் அது வாயை மூடிக்கொள்ளும். பத்து மாறிகள் என்றால் பதினொரு அணிக்கோவைகளை விரிக்க வேண்டும். மொத்தம் 3,99,16,800 உறுப்புகள். காஸ் நீக்கலில் சுமார் 430 பெருக்கல், வகுத்தல்களில் வேலை முடியும்.

கணினிக்கு எழுதும்போது ஒரு விதி மட்டும் தலைகீழாக மாறும். நாம் கையால் போடும்போது 1 ஐத் தேடுகிறோம். கணினியோ அந்த நிரலில் எஞ்சியவற்றில் அளவில் மிகப் பெரிய எண்ணைத் தேடி மேலே கொண்டுவர வேண்டும். 0.0001 அ + ஆ = 1, அ + ஆ = 2 என்ற தொகுப்பை மூன்று இலக்கத் துல்லியத்தில் அப்படியே நீக்கிப் பாருங்கள். −9999, −9998 இரண்டும் −10000 என முழுமையாக்கப்பட்டு ஆ = 1, அ = 0 என்று வரும். உண்மையில் அ ஏறக்குறைய 1. நிரைகளை இடம் மாற்றிவிட்டுச் செய்தால் இரண்டும் 1 என்று சரியாக வரும்.

வலப்பக்கம் முழுவதும் பூச்சியமானால்

இவை சமப்படித்தான சமன்பாடுகள். எல்லா மாறியும் பூச்சியம் என்ற வெளிப்படைத் தீர்வு எப்போதும் உண்டு என்பதால் தீர்வில்லை என்ற பேச்சே எழாது. வேறு தீர்வு உண்டா என்பதே கேள்வி. வேதிச் சமன்பாட்டைச் சமன்செய்வது இதன் அருமையான பயன்பாடு.

ஈத்தேன் ஆக்சிஜனில் எரிந்து கார்பன் டை ஆக்சைடும் நீரும் தருகிறது. ஒரு ஈத்தேன் மூலக்கூறில் கார்பன் 2, ஹைட்ரஜன் 6. மூலக்கூறு எண்ணிக்கைகள் முறையே அ, ஆ, இ, ஈ எனில், கார்பனுக்கு 2அ = இ, ஹைட்ரஜனுக்கு 6அ = 2ஈ, ஆக்சிஜனுக்கு 2ஆ = 2இ + ஈ. வலப்பக்க நிரல் எப்போதும் பூச்சியமே என்பதால் அதை எழுத வேண்டியதில்லை.

2   0  −1   0
6   0   0  −2
0   2  −2  −1

நி2 → நி2 − 3 × நி1 செய்தால் இரண்டாம் நிரை 0  0  3  −2 ஆகிறது. முன்னணி உறுப்பு மூன்றாம் இடத்துக்குத் தாவிவிட்டது. கீழே உள்ள நிரையோ இரண்டாம் இடத்தில் தொடங்குகிறது. இடம் மாற்றினால்:

2   0  −1   0
0   2  −2  −1
0   0   3  −2

மூன்று நிரைகள், நான்கு மாறிகள், ஆகவே ஒரு துணையலகு. கடைசி நிரையிலிருந்து இ = 2ஈ/3. இரண்டாம் நிரையில் 2ஆ = 2இ + ஈ = 7ஈ/3, ஆகவே ஆ = 7ஈ/6. முதல் நிரையில் அ = இ/2 = ஈ/3. வேதியியல் முழு எண்களைக் கேட்பதால், பகுதிகள் எல்லாவற்றையும் ஒழிக்கும் மிகச் சிறிய எண்ணான 6 ஐ ஈ க்குக் கொடுக்கிறோம்: அ = 2, ஆ = 7, இ = 4, ஈ = 6. இடப்பக்கம் ஆக்சிஜன் அணுக்கள் 14. வலப்பக்கம் 8 + 6, அதுவும் 14.